சீமாட்டியின் முறை

கண்ணாடிக் கடையில் அவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிட மூத்தவரான முதலாளிக்கும் அவள் அக்காதான். கடையின் முன்பக்கம் பளபளவென்று இருக்கும். விளக்குகள், ஆளுயர நிலைக்கண்ணாடி, சுவர் முழுக்கப் பிரேம்கள். அக்கா உட்கார்ந்திருந்தது பின்பக்கம், ஜன்னல் இல்லாத அறையில். லென்ஸை எடுத்து, போட்டுக்கொள்ளப் போகிறவரின் கண்மணி எங்கே வரும் என்று பார்த்துப் புள்ளி வைத்து, பிரேமின் வடிவத்துக்கு விளிம்பைத் தேய்த்துப் பொருத்துவது அவள் வேலை. தேய்க்கும் சக்கரத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். சாயங்காலம் எழுந்திருக்கும்போது முழங்கை வரை வெள்ளைச் சேறு காய்ந்து கிடக்கும். முன்பக்கத்தில் யாராவது "இப்ப நல்லாத் தெரியுதுங்க" என்று சொல்வது சுவர் வழியாகக் கேட்கும். சொன்னவரின் முகத்தை அவள் பார்த்ததில்லை.

வீட்டில், பக்கவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட அப்பா. காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கும் தம்பி. அக்காவுக்குக் கல்யாணப் பேச்சு ஒரு காலத்தில் வந்துகொண்டிருந்தது. அப்பா படுத்த பிறகு வரவில்லை. ஏன் வரவில்லை என்று வீட்டில் யாரும் கேட்கவும் இல்லை.

தம்பிக்கு ஒரு பைத்தியம் உண்டு. விடுமுறை நாள் மத்தியானம் ஆனால் கிளம்பிவிடுவான். காகிதக் கடைக்கு மேலே, கட்டுக் கட்டாகக் காகிதம் அடுக்கிய அறையில் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து சிலர் ஆடும் ஆட்டம் அது. அந்த ஆட்டத்துக்குக் காய் கிடையாது, கட்டம் கிடையாது. ஒருவர் கதையை நடத்துவார்: காடு, இடிந்த கோட்டை, வழிமறிக்கும் பூதம். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, நான் இதைச் செய்கிறேன் என்பார்கள். நினைத்தது நடக்கிறதா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். சண்டை வந்துவிட்டால் முறை வைத்து ஆடுவார்கள். ஒரு சுற்றில் ஒருவருக்கு ஒரு முறை. கதையை நடத்தியவர் காகிதக் கடைக்காரர். அவரை மாஸ்டர் என்பார்கள். மருந்துக்கடைக்காரர் வாள்வீரன். தம்பி வில்லாளி. மூன்றாவதாக ஆடிக்கொண்டிருந்தவர் வேலை மாற்றலாகிப் போய்விட்டார். அதிலிருந்து எந்தச் சண்டைக்குப் போனாலும் உதை வாங்கித்தான் திரும்பினார்கள்.

"அக்கா, நீ சும்மா வந்து உக்காரு போதும்," என்றான் தம்பி. "வைத்தியச்சி வேஷம் தரேன். யாராவது அடிபட்டா கட்டுப் போடணும், அவ்வளவுதான்."

"அதைத்தான் வீட்ல பண்றேனே. அதுக்கு எதுக்கு மாடி ஏறணும்?"

ஆனாலும் போனாள். அன்று அப்பாவுக்குத் துணையாக அத்தை வந்து உட்கார்ந்தாள். அப்படி ஒரு மத்தியானம் வீட்டைவிட்டு, வேலையில்லாமல், மருந்துச் சீட்டு இல்லாமல் வெளியே வந்தது எப்போது என்று அக்காவுக்கே நினைவில்லை.

முதல் நாள் அவள் ஆடவில்லை. மாஸ்டரின் சட்டப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்துவிட்டு ஒரு கேள்வி கேட்டாள்.

"இந்தப் பிரபு, சீமாட்டியெல்லாம் சண்டை வந்தா என்ன பண்ணுவாங்க?"

"தூணுக்குப் பின்னாடி நிப்பாங்க," என்றார் மாஸ்டர். "அவங்க அரண்மனையில பேசறதுக்குத்தான். வாளைத் தூக்கத் தெரியாதே."

"தூக்கத் தெரிஞ்சவங்க ரெண்டு பேர் இருக்கீங்க. தோத்துக்கிட்டுத்தானே இருக்கீங்க?"

மருந்துக்கடைக்காரர்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

அன்றிலிருந்து அக்காவின் மண்டைக்குள் ஒரு சீமாட்டி நடமாட ஆரம்பித்தாள். சக்கரத்தில் லென்ஸைப் பிடித்திருக்கும்போதும், அப்பாவைப் புரட்டிப் படுக்கவைக்கும்போதும் அதே யோசனை. வாளெடுக்காத ஒருத்தி சண்டைக்கு நடுவில் நிற்க வேண்டுமென்றால் அவளிடம் என்ன இருக்க வேண்டும்? பேச்சு இருக்க வேண்டும். அந்தப் பேச்சைக் கேட்டு நாலு பேர் நடக்க வேண்டும். அப்படி நடக்க அவளுக்கு ஒரு பெயர் இருக்க வேண்டும். ஆகவே சீமாட்டிக்கு, எத்தனை அடி தாங்கலாம் என்ற கணக்கான உயிர்ப்புள்ளியைக் குறைத்து, மானப்புள்ளி என்று புதிதாக ஒன்றை வைத்தாள்.

"மானம் போயிட்டா?" என்று கேட்டார் மாஸ்டர்.

"போனது போனதுதான். கடையில விக்கறதில்ல."

மாஸ்டருக்குப் பிடித்துவிட்டது. இருவரும் ஒவ்வொரு சட்டமாக உட்கார்ந்து அடித்துத் திருத்தினார்கள். சீமாட்டி தன் முறையைத் தூக்கி இன்னொருவருக்குக் கொடுக்கலாம். அவர் அந்தச் சுற்றில் இரண்டு தடவை அடிப்பார். ஓர் எதிரியை விரல் நீட்டிக் காட்டலாம். காட்டிவிட்டால் கூட்டாளிகளுக்கு அவனை அடிப்பது எளிது. ஆனால் அவனும் மற்றவர்களை விட்டுவிட்டு அவள்மேல்தான் பாய்வான். விழப்போகிறவனைத் தன் குடும்பப் பெயரைச் சொல்லி இன்னும் ஒரு சுற்று நிற்கவைக்கலாம். சண்டை தோற்றால் அந்தப் பெயர் கெட்டது கெட்டதுதான், ஊருக்குள் எந்தக் கதவும் திறக்காது. அக்காவுக்கு மிகவும் பிடித்த சட்டம் வேறு. சீமாட்டி "பின்வாங்கு" என்று சொன்னால், சொல்கேட்டுப் பின்வாங்குகிறவனை அந்தச் சுற்றில் யாரும் தொட முடியாது. கேட்காமல் நின்றால் அடி அவனுக்கு, மானக்கேடு அவளுக்கு.

"எது கொடுத்தாலும் அதுக்கு ஒரு விலை வைக்கறீங்க," என்றார் மாஸ்டர்.

"விலை இல்லைன்னா யோசிக்க என்ன இருக்கு? யாருக்குக் கை கொடுக்கறது, யாரை விடறதுன்னு ஒவ்வொரு தடவையும் மனசு அடிச்சுக்கணும். எப்பவும் ஒரே பதில்தான் சரின்னு ஆயிட்டா, அப்புறம் அந்த நாற்காலியில ஆள் எதுக்கு?"

"புத்தகம் எழுதினவங்களுக்கே இது தோணலைக்கா," என்றார் அவர். அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு அக்கா ஒரு வாரம் முழுக்க வேலை பார்த்தாள்.

சீமாட்டி இறங்கிய முதல் சண்டை ஒரு தொங்கு பாலத்தில் நடந்தது. பாலத்தை மறித்துக்கொண்டு ஒரு பூதம். அக்கா விரல் நீட்டினாள். பூதம் நேராக அவளை நோக்கி வந்தது. அவள் நகராமல் தம்பியைப் பார்த்து, "பின்வாங்கு" என்றாள். வில்லாளி பின்வாங்க, பூதம் பாலத்தின் நடுவுக்கு வந்து தனியாக மாட்டிக்கொண்டது. அடுத்த சுற்றில் தன் முறையை வாள்வீரனுக்குக் கொடுத்தாள். மருந்துக்கடைக்காரர் பகடையை உருட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பூதம் பள்ளத்தில் விழுந்தது. எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு கிடைத்த வெற்றி. அன்றிலிருந்து மாடியில் அவளுக்குப் பெயர் சீமாட்டி என்று ஆயிற்று. மருந்துக்கடைக்காரர் ஒருபடி மேலே போய்ச் சீமாட்டியம்மா என்பார். கீழே டீக்கடையில் எல்லோருக்கும் டீ சொல்லிவிட்டுப் படியேறி வரும்போது அந்தப் பெயரைக் கேட்பதற்காகவே அவள் கொஞ்சம் மெதுவாக ஏறுவாள்.

ஜெயிக்க ஆரம்பித்த பிறகுதான் குறைகள் வந்தன. முதல் குறை மருந்துக்கடைக்காரருடையது. "என் வீரன் யார் சொன்னாலும் பின்வாங்க மாட்டான்மா. அது அவன் குணம். நான் நின்னா உங்களுக்கு மானம் போகுது, அப்புறம் எனக்குச் சங்கடமா இருக்கு. அந்தச் சட்டத்தை எடுத்துருங்களேன்." எடுத்தாள். அப்புறம் தம்பி: "நீ விரலை நீட்டறே, அது உன்மேல பாயுது, உன்னைக் காப்பாத்தவே எங்க பாதி முறை போயிடுதுக்கா." அந்தப் பாய்ச்சலையும் எடுத்தாள். மானப்புள்ளியைக் கூட்டிக் கழிப்பதில் நேரம் போகிறது என்றார் மாஸ்டர். அதுவும் போயிற்று. கடைசியில் சீமாட்டியிடம் மிஞ்சியது, தன் முறையை இன்னொருவருக்குக் கொடுப்பது மட்டும். அதையும் யாருக்குக் கொடுப்பது என்று அவள் யோசித்தால், "இதுல என்னக்கா யோசனை, அண்ணனுக்குத்தானே பெரிய வாள்" என்று தம்பி மேசையைத் தட்டுவான். அவர்கள் சொல்வதில் தப்பும் இல்லை. வாள்வீரனுக்குக் கொடுப்பதுதான் எப்போதும் லாபம். லென்ஸைத் தேய்க்கிறவளுக்கு, எடுத்ததைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது என்று தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் எடுத்தாள். ஒவ்வொரு தடவையும் அவர்கள் முகம் மலர்ந்தது. அதைப் பார்க்க அவளுக்குப் பிடித்திருந்தது.

அந்தச் சமயத்தில் கண்ணாடிக் கடை முதலாளி இன்னொரு தெருவில் கிளை திறந்தார். புது இயந்திரம், புது ஆட்கள். "நீங்க இல்லாம அங்க ஒண்ணும் நடக்காது அக்கா" என்று விடுமுறை நாட்களையும் வாங்கிக்கொண்டார். சில வாரங்கள் அவளால் மாடிப்பக்கம் போக முடியவில்லை.

திரும்பிப் போன அன்று, நாற்காலி அதே இடத்தில் இருந்தது. சீமாட்டியின் சட்டங்களை அக்கா எழுதிவைத்திருந்த தாள் மட்டும் மாஸ்டரின் முழங்கைக்கடியில் இருந்தது. ஆட்டம் தொடங்கியது. தம்பி அம்பு விட்டான். மாஸ்டர் நிமிர்ந்து பார்க்காமலே, "சீமாட்டி தன் முறையை வீரனுக்குக் கொடுக்கறாங்க. அண்ணே, உருட்டுங்க" என்றார்.

"நான் வந்துட்டேனே," என்றாள் அக்கா.

"அட ஆமா. பழக்கமாயிடுச்சு. சொல்லுங்கக்கா."

அவள் சொல்ல வேண்டியதும் அதுதான். வேறு எதுவும் சொல்வதற்கு இல்லை. அடுத்த சுற்றிலும் மாஸ்டர் மறந்தார். அதற்கடுத்த சுற்றில் அவள் ஞாபகப்படுத்தவில்லை. இடைவேளையில் தம்பி அவள் பக்கம் சாய்ந்து, "நீ வராதப்பவும் ஒரு சண்டை கூடத் தோக்கலைக்கா. கவலைப்படாதே, சீமாட்டியை நல்லாத்தான் பாத்துக்கிட்டோம்" என்றான். ஆறுதலாகத்தான் சொன்னான். இன்னும் வேகமாகவே ஆட்டம் ஓடியது என்றும் சொன்னான்.

அடுத்த வாரம் கதை ஒரு பாழடைந்த சுரங்கத்துக்குள் போனது. வாள்வீரனை ஓநாய்கள் சூழ்ந்துகொண்டன. அக்காவின் முறை வந்தது.

"சீமாட்டி இந்தச் சுற்றுல ஒண்ணும் பண்ணலை."

"அப்படின்னா?" என்றார் மாஸ்டர்.

"பாத்துக்கிட்டு நிக்கறா."

எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த சுற்றிலும் அதையே சொன்னாள். இப்போது யாரும் சிரிக்கவில்லை. மருந்துக்கடைக்காரரின் வீரனுக்கு உயிர் கொஞ்சம்தான் மிச்சமிருந்தது.

"அம்மா, என் ஆள் செத்துருவான்."

"பின்வாங்குன்னு சொல்லலாம்."

"அந்தச் சட்டத்தைத்தான் எடுத்தாச்சே."

"ஆமா, எடுத்தாச்சு."

மாஸ்டர் பேனாவைக் கீழே வைத்தார். கோபமாகப் பேசவில்லை, கடையில் சில்லறை இல்லை என்று சொல்கிற மாதிரிதான் பேசினார். "சீமாட்டி அப்படிப்பட்டவங்க இல்லையேக்கா."

"அவ எப்படிப்பட்டவள்னு எனக்குத் தெரியாதா?"

"இத்தனை நாள் ஆடினதை வச்சுத்தானே சொல்றேன். கூட இருக்கறவனைச் சாக விட்டுட்டு வேடிக்கை பாக்கற ஆளா அவங்க?" தம்பி பக்கம் திரும்பினார். "நீ என்ன சொல்றே?"

தம்பி பகடையை விரலால் உருட்டிக்கொண்டே இருந்தான். "விளையாட்டைக் கெடுக்காதக்கா. கொடுத்துரு."

அவள் கொடுக்கவில்லை. மாஸ்டர் பேனாவை மறுபடி எடுத்தார். பிறகு, "சரி. சீமாட்டி தன் முறையை வீரனுக்குக் கொடுக்கறாங்க" என்று அறிவித்தார். மருந்துக்கடைக்காரர் அக்காவைப் பார்க்காமல் பகடையை உருட்டினார். நல்ல எண் விழுந்தது. அடுத்த சுற்றிலும் சீமாட்டி கொடுத்தாள், அதற்கடுத்த சுற்றிலும் கொடுத்தாள். ஓநாய்கள் செத்தன. அக்கா அங்கேயே, தன் நாற்காலியிலேயே உட்கார்ந்து அத்தனையையும் பார்த்தாள்.

சண்டை முடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு, "அப்பாவுக்கு மாத்திரை நேரம்" என்று எழுந்தாள். அத்தை வீட்டில் இருப்பது தம்பிக்குத் தெரியும். அவன் தன் தாளில் மிச்சமிருந்த அம்புகளை எண்ணிக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்து அத்தையை அனுப்பிவிட்டு அப்பாவுக்குத் தண்ணீர் கொடுத்தாள். வாயோரத்தில் வழிந்து தலையணை நனைந்தது. எப்போதும் வழிவதுதான். அன்று அவள், "ஒரு வாய்த் தண்ணியை ஒழுங்கா முழுங்க முடியாதா உங்களால" என்று கத்தினாள். அப்பாவின் நல்ல பக்கத்துக் கண் அவளையே பார்த்தது. அவள் வாழ்க்கையில் அவரைப் பார்த்துக் கத்தியது அதுதான் முதல் தடவை. அதுவே கடைசித் தடவையும் இல்லை.

அடுத்த வாரம் தலைவலி என்று சொல்லிப் போகவில்லை. தம்பி சட்டையை மாட்டிக்கொண்டே, "அப்ப அத்தையை வர வேண்டாம்னு சொல்லிடறேன். நீதான் வீட்ல இருக்கியே" என்றான். அதற்குப் பிறகு அத்தை வருவது நின்றுபோனது. அவளுக்கென்று இருந்த மத்தியானம் வந்த மாதிரியே சத்தமில்லாமல் போய்விட்டது. அவளை வரச்சொல்லி மாடியிலிருந்து யாரும் ஆள் அனுப்பவும் இல்லை.

சாப்பிடும்போது தம்பி ஆட்டத்தின் கதையைச் சொல்வான். "இன்னிக்குச் சீமாட்டியாலதான் தப்பிச்சோம்" என்பான். ஒரு நாள், "சீமாட்டிக்கு ராணி பட்டம் கொடுத்திருக்காங்க" என்றான். அக்கா கேட்டுக்கொண்டே பரிமாறுவாள். ஒரு நாள் கரண்டியைப் பாத்திரத்திலேயே போட்டாள்.

"இனிமே அவளைப் பத்தி என்கிட்டப் பேசாதே."

"ஏன்?"

"அது நான் உண்டாக்கினது."

"யாரு இல்லைன்னா? எல்லாருக்கும் தெரியும்."

"தெரிஞ்சவங்க எதுக்கு என் பேச்சைக் கேக்கலை? நீ எதுக்கு கேக்கலை?"

"அக்கா, அங்க ஒரு ஆள் சாகக் கிடந்தான்."

"காகிதத்துல இருக்கற ஆளு."

"சீமாட்டியும் காகிதம்தானே. அதுக்கு எதுக்கு உனக்கு இவ்வளவு கோவம்?"

அவன் கேட்டது சரியான கேள்வி. அதனாலேயே அவன்மேல் இருந்த கோபம் ஆறாமல் கெட்டியாகிப்போனது. விளையாட்டுக்குப் போய் ஒரு மனுஷி இப்படி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாளா என்று அவன் அத்தையிடம் சொன்னதும் அவள் காதுக்கு வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு அக்காவும் தம்பியும் பேசிக்கொண்டது அப்பாவின் மருந்து, கரண்டுக் கட்டணம், தண்ணீர் லாரி, இவற்றைப் பற்றி மட்டும்.

அப்பா அடுத்த மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தார். தம்பி கல்யாணம் செய்துகொண்டு அலுவலகத்துக்குப் பக்கத்தில் வீடு பார்த்துப் போனான். அக்கா கிளைக் கடைக்கே நிரந்தரமாக மாறிவிட்டாள். அங்கே பில் போடுகிற பெண்ணும் அவள் சிநேகிதர்களும் டியூஷன் நடத்தும் ஓர் அறையில் இதே ஆட்டம் ஆடுகிறார்கள் என்று பேச்சுவாக்கில் தெரிந்தது. நானும் வரட்டுமா என்று அக்காவே கேட்டுக்கொண்டு போனாள்.

அந்தப் பெண் ஒரு தாளை நீட்டினாள். "புதுசா வர்றவங்களுக்கு நாங்க இதைத்தான்க்கா கொடுப்போம். ரொம்பச் சுலபம். உங்க முறை வந்தா, பெரிய ஆயுதம் யார்கிட்ட இருக்கோ அவங்களுக்குக் கொடுத்துருவீங்க. யோசிக்கவே வேண்டாம்."

நகலுக்கு நகல் எடுத்து மங்கிப்போன தாள். மேலே சீமாட்டி என்று இருந்தது. கீழே இருந்த வரிகள் அவளுடையவை. நடுவில் யாரோ கை வைத்ததில் ஒரு சொல் பிழையாகியிருந்தது.

"இதை யார் எழுதினது?"

"தெரியலைக்கா. ரொம்ப நாளா சுத்திக்கிட்டு இருக்கு. எல்லா இடத்துலயும் இதை வச்சு ஆடறாங்க."

நான்தான் என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால், இது இப்படி இருந்ததில்லை, இதில் இன்னும் நிறைய இருந்தது என்றும் சொல்ல வேண்டும். அதையெல்லாம் ஏன் எடுத்தீர்கள் என்று அந்தப் பெண் கேட்பாள். அக்கா தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வாள் பிடிக்கிற பாத்திரமாக ஒன்று கொடு என்று வாங்கிக்கொண்டாள். இரண்டாம் வாரமே யார் சொல்லியும் கேட்காமல் தனியாகப் போய் எதிரிகளுக்கு நடுவில் விழுந்து செத்தாள். "உங்களுக்குச் சேர்ந்து ஆட வரலைக்கா" என்றான் ஒருவன். "ஆமா, வரலை" என்றாள். பிறகு அங்கேயும் போகவில்லை.

சமீபத்தில் இரத்தக் கொதிப்பு மாத்திரை வாங்க அந்த மருந்துக்கடைக்கே போக வேண்டியிருந்தது. மற்ற கடைகளில் கிடைக்கவில்லை. மருந்துக்கடைக்காரருக்கு வயதாகிவிட்டது. அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"நல்லா இருக்கீங்களா சீமாட்டியம்மா?"

"இருக்கேங்க."

"இன்னும் ஆடிக்கிட்டுத்தான் இருக்கோம். என் வீரன் உயிரோடதான் இருக்கான். எல்லாம் நீங்க பண்ணினது." மாத்திரை அட்டைகளை எண்ணி வைத்துக்கொண்டே தயங்கினார். "என்ன இருந்தாலும் நீங்க இருந்த மாதிரி இல்லம்மா."

அக்கா நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்க இருந்தப்ப எல்லாருக்கும் டீ வரும். இப்ப ஆளாளுக்குக் கீழ இறங்கிப் போய்க் குடிச்சுட்டு வர வேண்டியிருக்கு."

அவள் அட்டைகளைத் திருப்பிப் பார்த்தாள். "ஒரு அட்டை குறையுதுங்க," என்றாள்.

அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அதை எடுத்துவர உள்ளே போனார்.